ஊசி போட்டவர்களின் அறை

ஏழு மணிக்கு மேல் எங்கள் வீட்டில் ஒரு சத்தம் கேட்கும் அக்கா. சரக், சரக் என்று, ஈரச் சாக்கைத் தரையில் இழுத்துப் போகிற மாதிரி. முதல் தடவை கேட்டபோது என் அத்தை, இவர் அம்மா, பெருச்சாளி என்று விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். இவர் கட்டிலுக்கு அடியில் செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தார். சத்தம் நின்றுவிட்டது. ஏனென்றால் நான் நின்றுவிட்டேன். தண்ணீர்ச் சொம்போடு சமையலறையிலிருந்து வந்துகொண்டிருந்தவள் நான்தான். என் இடது கால்தான் அந்தப் பெருச்சாளி.

என்னை ஞாபகம் இருக்கிறதா உங்களுக்கு? இன்று காலையில் கோயம்புத்தூரில், ஸ்கேன் எடுக்கிற இடத்தில், ஊசி போட்டவர்களைத் தனியாக உட்கார வைக்கிறார்களே அந்த அறையில், உங்களுக்கு எதிர் நாற்காலியில் இருந்தேன். பச்சைச் சுடிதார். உங்களுக்கு எலும்பு ஸ்கேன், எனக்கு மூளைக்கு. நீங்கள் உடுமலைப்பேட்டை என்றீர்கள், நான் கரூர் என்றேன். அது உண்மை. அதற்குப் பிறகு சொன்னதில் ஒன்று பொய். அதைச் சொல்லிவிடத்தான் எழுதுகிறேன். உங்கள் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை, எங்கே அனுப்புவேன் என்று தெரியாது. நான் படித்தது கான்வென்ட்டில். வெள்ளிக்கிழமைகளில் கத்தோலிக்கப் பிள்ளைகள் வரிசையில் போய் பாதரிடம் ஏதோ சொல்லிவிட்டு, கனம் குறைந்த முகத்தோடு திரும்பி வருவார்கள். எங்களைப் போன்ற பிள்ளைகளை விட மாட்டார்கள். நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். அந்தப் பொறாமை எனக்கு இன்னும் போகவில்லை.

என் காலைப் பற்றி உங்களிடம் பாதிதான் சொன்னேன். காலையில் எனக்கு ஒன்றுமே இருக்காது அக்கா. சத்தியமாக. மாடிப்படி ஏறுவேன், துணி துவைப்பேன், எங்கள் பெட்ஷீட் யூனிட்டுக்குப் போய்த் தையல்காரப் பெண்களோடு நின்று கட்டுப் போடுவேன். மத்தியானத்துக்கு மேல் பாதம் உள்பக்கமாகத் திரும்பத் தொடங்கும். விளக்கு வைக்கிற நேரத்துக்கு மரக்கட்டை. படுத்துத் தூங்கி எழுந்தால் மறுபடி என் கால் எனக்கு. ஹாஸ்டலில் சின்ன வயதிலேயே சாயங்கால ஜெபத்துக்கு வரிசையில் நிற்கும்போது இப்படிக் கொஞ்சம் முறுக்கும். சிஸ்டர் பெர்னதெத் "நேராய் நில்" என்பார். நான் நேராய் நின்றுகொண்டிருப்பதாகத்தான் நினைப்பேன். பாப்பா பிறந்த பிறகு அது பத்து மடங்காகிவிட்டது.

காலையில் ஓடி, ராத்திரியில் நொண்டினால் யார் நம்புவார்கள், சொல்லுங்கள். என் நங்கை, அதாவது இவர் அக்கா, போனில் சொன்னார்: "ராத்திரிப் பாத்திரத்துக்குப் பயந்துட்டு வர்ற நோவு அது. விடிஞ்சாப் போயிரும்." ஸ்பீக்கரில் போட்டிருந்தது. இவர் எழுந்து வெளியே போய்விட்டார். அத்தை போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு "செரி செரி, போனை வெய்யி" என்றார். அதற்கு என்ன அர்த்தம்? ஒத்துக்கொண்டார் என்றுதானே அர்த்தம்? அதற்கப்புறம் ராத்திரிப் பாத்திரத்தை அத்தையே கழுவ ஆரம்பித்தார். என்னைக் குத்திக்காட்டுவதற்காக. ஒரு வார்த்தை சொல்லாமல், நான் பார்க்கப் பார்க்க, ஒவ்வொரு பாத்திரமாக.

மந்திரித்த கயிறு கட்டிப் பார்த்தோம். கரூரிலேயே எலும்பு டாக்டர், நரம்பு டாக்டர். கடைசியில்தான் கோயம்புத்தூர். அந்த டாக்டர் நல்ல மனிதர், எனக்குக் காகிதத்தில் படமே போட்டுக் காட்டினார். நடக்க வேண்டும் என்று நினைத்ததும் கால் கேட்க வேண்டுமென்றால் மூளைக்குள் டோபமைன் என்கிற ஒன்று ஊற வேண்டுமாம். அதை ஊற வைக்கிற நரம்புகள் உயிரோடு இருக்கின்றனவா என்று படம் எடுத்துப் பார்க்கலாமாம். ஊசியில் போகிறது கொஞ்சம் கதிர்வீச்சு உள்ள மருந்து; அது அந்த நரம்புகளின் நுனியில் போய் ஒட்டிக்கொண்டு வெளிச்சமாகத் தெரியும். நடு மூளையில் இரண்டு பக்கமும் கமா மாதிரி, வாலோடு தெரிந்தால் நரம்பு சுகம். வால் உதிர்ந்து வெறும் புள்ளியாகச் சுருங்கியிருந்தால் பார்க்கின்சன் வகை.

பிறகு என்னைக் குடைந்தார். காலையில் நல்லாத்தான் இருக்குதா? தூங்கி எந்திரிச்சா சரியாயிருதா? சின்ன வயசுலயும் சாயங்காலம்தானா? திருப்பித் திருப்பி அதையே. எனக்குப் புரிந்துவிட்டது, இந்த டாக்டரும் நம்பவில்லை என்று. கடைசியில் சிரித்துக்கொண்டே சொன்னார்: "படம் சுத்தமா வந்தா எனக்கு இன்னும் சந்தோஷம்மா. அப்ப இது வேற நோய். அதுக்கு ஒரு சின்ன மாத்திரை போதும், ராத்திரியிலயும் ஓடுவீங்க."

எல்லா டாக்டரும் கிளம்புகிற நேரத்தில் ஆறுதலுக்கு ஒன்று சொல்வார்கள் இல்லையா, அப்படி. நான் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. என் காதில் விழுந்தது "சுத்தமா வந்தா" என்பது மட்டும்தான். சுத்தமாக வந்தால் நான் நடிக்கிறேன். அவ்வளவுதான்.

அதனால் என்ன வேண்டிக்கொண்டேன் தெரியுமா? புள்ளியாக வரட்டும் என்று. பத்து மாதக் குழந்தையை வைத்துக்கொண்டு, என் மூளையில் நோய் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். நீங்கள் அந்த அறையில் என் கையைப் பிடித்து, "உனக்குப் படம் நல்லபடியா வரோணும் கண்ணு, எனக்கும் சேத்தி வேண்டிக்க" என்றீர்களே. தலையில் கட்டியிருந்த துண்டைச் சரிசெய்துகொண்டே சொன்னீர்கள். உங்களுக்குப் புற்று எலும்பு வரைக்கும் பரவியிருக்கிறதா என்று பார்க்க வந்திருந்தீர்கள். நான் "ஆகட்டுங்க்கா" என்றேன். உங்களுக்காக நிஜமாகவே வேண்டிக்கொண்டேன். எனக்காக நீங்கள் வேண்டிக்கொண்டதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் பொய் என்று சொன்னது அதையல்ல.

ஊசி போடுவதற்கு முன்னால் ஏப்ரன் மாட்டிய அந்தப் பெண் இரண்டு கேள்வி கேட்டாள். மாசமா இருக்கீங்களா? குழந்தைக்குப் பால் குடுக்கறீங்களா? அந்த மருந்தை ஆளுக்கென்று அன்றன்று காலையில்தான் தயார் செய்வார்கள் அக்கா. நேரம் ஆக ஆக வீரியம் குறைந்துகொண்டே போகும், எடுத்து வைத்து நாளைக்குப் போட முடியாது. ஏற்கெனவே ஒரு தடவை மருந்து வரவில்லை என்று எங்களைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அன்று அத்தை "போன காரியம் ஆகுலயாக்கும்" என்றார். மறுபடி அப்படித் திரும்பிப் போய், பால் குடுக்கறனாம், அதனால் படம் எடுக்க மாட்டாங்களாம் என்று சொன்னால் நங்கை என்ன சொல்லுவார்? பாத்தீங்களா, மெஷினுக்குப் பயந்து சாக்குச் சொல்றா என்பார்.

"நிறுத்தியாச்சுங்க" என்றேன்.

விடியற்காலையில் கிளம்பும்போது பாப்பாவுக்குக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். பாதித் தூக்கத்தில் குடித்தாள். என் ஜடையைப் பிடித்துக்கொண்டு குடிப்பாள். அவள் பிடித்த இடத்தில் ஜடை கலைந்தே இருந்தது, அப்படியே போய் உட்கார்ந்து நிறுத்தியாச்சுங்க என்கிறேன். ஊசி ஏறியது. ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் சில்லென்று இருந்தது.

அப்புறம்தான் உங்கள் அறை. எத்தனை குழந்தை என்று கேட்டீர்கள். ஒரு பொண்ணுங்க்கா, நிலானி, பத்து மாசம் என்றேன். "பால் மறந்துட்டாளா?" "மறந்துட்டாளுங்க்கா." நீங்கள் சிரித்தீர்கள். "அதுக்குள்ளயா! என்ற பையன் பள்ளிக்கூடம் போற வரைக்கும் முந்தானைய உடவே இல்லை. வாத்தியாரு வந்து பேசுனாரு." அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அப்போது மாரில் பால் கட்டத் தொடங்கியிருந்தது, துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். குளிருதா என்று கேட்டு உங்கள் சால்வையைக் கொடுத்தீர்கள்.

பிறகு வாசலில் வேறொரு பெண், அடுத்த வாரம் ஸ்கேனுக்கு வரவேண்டியவள், இடுப்பில் கைக்குழந்தையோடு வந்து விசாரித்தாளே, நினைவிருக்கிறதா? நான் பால் குடுக்கறேன், என்ன செய்யறது என்று கேட்டாள். அந்த ஏப்ரன் பெண் குழந்தையை வாசலைத் தாண்டி உள்ளே விடாமல், எவ்வளவு சுலபமாகச் சொன்னாள்: "அது ஒண்ணும் பிரச்சனை இல்லீங்க. மொத நாளே பீச்சி ஃப்ரிட்ஜுல வெச்சுட்டு வந்துருங்க. ஊசி போட்டா ஒரு நாள் குடுக்காம, பீச்சிக் கொட்டிருங்க. மடியிலயும் வெச்சுக்காதீங்க. அடுத்த நாள்லருந்து வழக்கம் போலக் குடுக்கலாம்."

அவ்வளவுதான். உண்மையைச் சொல்லியிருந்தால் என்னிடமும் அதைத்தான் சொல்லியிருப்பாள். யாரும் திருப்பி அனுப்பியிருக்க மாட்டார்கள். நீங்கள் என் பக்கம் திரும்பி, "உனக்கு அந்தத் தொந்தரவு இல்லை பாரு" என்றீர்கள். அந்த நிமிஷம் எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். இங்கிலீஷில்கூடச் சொல்லியிருக்கலாம், யாருக்கும் புரியாமல். கான்வென்ட் படிப்பு அதற்குக்கூட உதவவில்லை.

உங்களைக் கூப்பிட்ட பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். தலையை ஒரு தொட்டிலில் வைத்துப் பட்டையால் கட்டி, அசையக்கூடாது என்றார்கள். இரண்டு பெரிய தகடுகள் மூக்கை உரசுகிற மாதிரி கிட்டத்தில் வந்து மெதுவாகச் சுற்றின. எனக்குக் கால் அசையவில்லை என்று யாரும் நம்பாத ஊரில், தலையை அசைக்காமல் இருக்க நான் பட்ட பாடு. முடிந்து எழுந்து வரும்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் திரை தெரிந்தது. கறுப்பில் இரண்டு வெளிச்சம். வாலோடு. நல்ல கொழுத்த வால். ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும் அது கமா என்று.

டாக்டர் என்னையும் இவரையும் உட்கார வைத்து ஏதோ நிறையச் சொன்னார். எனக்கு எதுவும் ஏறவில்லை. வெளியே வந்ததும் இவர் போன் போட்டு, "அம்மா, சுத்தமா இருக்குதாம்மா, நரம்பெல்லாம் நல்லா இருக்குதாம்" என்றார். சொல்லும்போதே முகம் கோணிக்கொண்டு போயிற்று, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். சிரித்தார் என்று நினைக்கிறேன். டாக்டர் மாத்திரை வேறு எழுதிக் கொடுத்திருக்கிறாராம். ஒன்றுமில்லாத நோவுக்கு ஒரு மாத்திரை. "ராத்திரிக்கே ஒண்ணு போட்டுப் பாத்தரலாமா ஹேமா?" என்று இவர் பஸ்ஸில் கேட்டார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன். அந்த மாத்திரைப் பட்டை இன்னும் இவர் சட்டைப் பையில்தான் இருக்கிறது.

பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் ஒரு மாசமான பெண் உட்கார வந்தாள். நான் எழுந்து பின்னால் போய்விட்டேன். இவருக்கு ஒன்றும் புரியவில்லை.

வீட்டுக்கு வரும்போது இருட்டிவிட்டது. கேட்டுக்குள் நுழையும்போதே அத்தை பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். பாப்பா என்னைப் பார்த்ததும் மீன் மாதிரி துள்ளினாள். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு. நான் தலைவலி என்று சொல்லிவிட்டு அவளைத் தாண்டி மேலே போனேன். மேலே என்றால் எங்கள் அறை, பக்கத்திலேயே பெட்ஷீட் கட்டு அடுக்குகிற அறை. படியில் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்தேன். கீழே அத்தை கற்பூரம் ஏற்றி, "ஆத்தா, என்ற மருமகளுக்குக் கொறையில்லாமப் பண்ணிட்ட" என்பது கேட்டது. குறையில்லையாம். அதை ஆத்தாவிடம் சொல்கிற சாக்கில் என்னிடம் சொல்கிறார்.

அத்தை பாப்பாவைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தார். "ஏங்கிப் போயிட்டா அம்மிணி, வாங்கிக்க." முடியலைங்கத்தை என்றேன். "படுத்துக்கிட்டே குடு, நான் புடிச்சுக்கறேன்." நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். முதுகுக்குப் பின்னால் பாப்பா "ம்மா, ம்மா" என்று என் ஜடையை இழுத்தாள். இழுத்த உடனே மாரில் சுரக்கிறது அக்கா. உடம்புக்கு ஸ்கேன் தெரியுமா, ஊசி தெரியுமா? அத்தை அவளைக் கீழே தூக்கிப் போய் ராகிக் கூழ் காய்ச்சினார். கூழ் ஊட்டுகிற சங்கு தட்டில் இடிக்கிற சத்தமும் பாப்பா துப்புகிற சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தது.

நான் பாத்ரூமில் பீச்சிக் கொட்டிவிட்டு, நைட்டி மாற்றிக்கொண்டு வந்து படுத்தேன். விடியும் வரை தாண்டிவிட்டால் போதும், யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்று இருந்தேன். அப்படியே கண் அசந்துவிட்டேன்.

இவர்தான். வேறு யார் செய்வார்கள்? பாப்பா தூங்கியதும் தினமும் செய்கிற மாதிரி தூக்கி வந்து என் பக்கத்தில் போட்டுவிட்டு, யூனிட் பூட்டப் போயிருக்கிறார். அவருக்கு என்ன தெரியும்? என் பாப்பாவுக்கு யாரும் பால் கொடுக்க வேண்டியதில்லை, அக்கா. அவளே தேடிக்கொள்வாள், தூக்கத்திலேயே. நானும் தூக்கத்திலேயே ஒருக்களித்துக் கொடுத்துவிடுவேன். பத்து மாதமாக அப்படித்தான். நான் விழித்தபோது என் ஜடை இழுபட்டுக்கொண்டிருந்தது. அவள் வாய் என் மேல் இருந்தது.

உதறி எழுந்தேன். குழந்தை தலையணையில் உருண்டு அலறியது. எத்தனை வாய் குடித்தாள்? இப்போதுதான் வாய் வைத்தாளா, வெகு நேரமாகக் குடிக்கிறாளா? எனக்குத் தெரியவில்லை. தெரியவே தெரியாது இனிமேல்.

தூக்கவும் கூடாது, விட்டுவிட்டுப் போகவும் முடியாது. என் கால் எழுந்து நிற்கவும் விடவில்லை. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு "அத்தை" என்று கூப்பிட்டேன். இந்த வீட்டுக்கு வந்து அந்த மாதிரிக் கூப்பிட்டதில்லை. அத்தை தலைமுடியைக்கூட முடிந்துகொள்ளாமல் படியேறி வந்தார். பின்னாலேயே இவரும் ஓடி வந்தார்.

சொல்லிவிட்டேன். ஊசியில் போனது பாலில் வருமாம், ஒரு நாள் கொடுக்கக் கூடாதாம், கேட்டார்கள், இல்லை என்று பொய் சொல்லிவிட்டேன், இப்போது குடித்துவிட்டாள், எவ்வளவு என்று தெரியாது. எல்லாம் ஒரே மூச்சில்.

அத்தை பாப்பாவை எடுத்துக் குனிந்து அவள் வாயை முகர்ந்து பார்த்தார். புறங்கையால் துடைத்தார். இவர் ஸ்கேன் சென்டரின் நம்பரைத் தேடி அடித்தார். யாரோ எடுத்தார்கள். ஒரு வாய், ரெண்டு வாய் குடிச்சிருந்தா பயப்பட ஒண்ணுமில்லீங்க, நாளைக்கு ஊசி போட்ட நேரம் வரைக்கும் குடுக்க வேண்டாம், காலைல குழந்தை டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க என்றார்களாம். இவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அடங்கவில்லை. எத்தனை வாய் என்று எனக்கே தெரியாதபோது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

"எதுக்கு அம்மிணி பொய் சொன்ன?" என்றார் அத்தை.

"நான் நடிக்கறேன்னுதானே நீங்க நெனைக்கறீங்க. படம் வந்தாத்தான் நம்புவீங்கன்னு."

"நானா?" என்றார்.

அவ்வளவுதான் கேட்டார். வாய் கொஞ்சம் திறந்தபடி, பாப்பாவைத் தட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. பார்த்தால் நிஜமாகவே அவருக்கு ஒன்றும் தெரியாத மாதிரி இருந்தது. என்னை நடிகை என்கிறார்கள் அக்கா, என் அத்தையை ஒரு தடவை நீங்கள் பார்க்க வேண்டும்.

இவர் என்னைப் பிடித்துக்கொண்டு வர, எல்லோரும் கீழே இறங்கினோம். அத்தை ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "பால் கட்டிக்கிட்டாக் காய்ச்சல் வந்துரும், வெந்நித் துணி வெச்சுப் பீச்சியுடு, நாளைக்கு வேணுமல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு, பாப்பாவைத் தன் அறைக்குத் தூக்கிப் போனார். இவரை விளக்குப் போட்டு யூனிட்டைப் பூட்டிவிட்டு வரச் சொன்னார். அவசரத்தில் திறந்து போட்டு வந்திருந்தார்.

நான் அத்தையின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"உள்ள தாப்பாப் போட்டுக்குங்கத்தை."

"எதுக்கு? நீ வராம இருந்தாப் போவுது."

"என்னால முடியாதுங்க. அவ அழுதா நான் வந்துருவேன். தட்டுவேன். அழுவேன். தெறக்காதீங்க."

அத்தை என் முகத்தைப் பார்த்தார், பிறகு என் நைட்டியின் முன்பக்கத்தைப் பார்த்தார். அது நனைந்திருந்தது. பாப்பா அவர் தோளிலிருந்து என்னைக் கண்டுவிட்டாள். கையை நீட்டிக்கொண்டு, ஜடையைப் பிடிக்கிற அந்த விரல்களை விரித்து விரித்து மூடினாள். நான் கதவைத் தள்ளித் திறக்கவில்லை, மூடவும் இல்லை. கையை எடுக்க முடியாமல் நின்றேன்.

அத்தை காலால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை வெளியே தள்ளினார். "நின்னுட்டே இருக்காத" என்றார். என் விரல்களை ஒவ்வொன்றாகக் கதவிலிருந்து எடுத்துவிட்டார். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே பாப்பா அழ ஆரம்பித்தாள். அத்தை தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் நிற்பது எனக்குத் தெரிந்தது.

"போடுங்கத்தை" என்றேன்.

போட்டார்.